நாலாயிரத்துக்குள் ஒரு ஆபீசர்!

போன ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை. விடியற்காலை தாம்பரத்தில் ரயிலை விட்டு இறங்கி, குரோம்பேட்டையில் இருக்கும் என் ஒண்டுக்குடித்தனத்தின் கதவைத் தட்டினான் தம்பி. தோளில் ஒரு பை. பைக்குள் நாலு டி-ஷர்ட், முழங்காலில் கிழிந்த ஜீன்ஸ் இரண்டு. (கிழிந்தது இல்லையாம், கிழித்தது. அதற்குத்தான் விலை ஜாஸ்தியாம்.)

"அண்ணே, திங்கக்கிழமை ஜாயின் பண்ணணும். கிண்டியில கம்பெனி. அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட்."

செல்போனை நீட்டினான். வேலைக்கான கடிதத்தில் சம்பளம் எங்கேயோ ஒரு மூலையில் சின்னதாக இருந்தது. ஆனால் முழுக்கை சட்டை, பேண்ட், கறுப்பு ஷூ, பெல்ட் கட்டாயம் என்பது மட்டும் நல்ல கொட்டை எழுத்தில். டி-ஷர்ட், ஜீன்ஸ், செருப்பு கூடவே கூடாது.

"கையில எவ்வளவு வச்சிருக்கே?"

"அம்மா 4,000 குடுத்தா."

சமையலறையிலிருந்து என் சகதர்மிணியின் குரல் வந்தது. "நாலாயிரத்துல உங்க தம்பிக்கு இடுப்பு வரைக்கும் வாங்கலாம். அதுக்குக் கீழே அடுத்த மாசம் பார்த்துக்கலாம்."

நான் பி.காம். காஸ்ட் அக்கவுண்டிங்கை இரண்டாவது அட்டெம்ப்ட்டில் பாஸ் செய்தவன். இரண்டு தடவை படித்ததால் மற்றவர்களைவிட எனக்கு இரண்டு மடங்கு தெரியும். "நாலாயிரத்துக்குள் இவனைத் தலையிலிருந்து கால் வரைக்கும் ஆபீசர் ஆக்கிக் காட்டுகிறேன், பார்!" என்று சபதம் போட்டேன்.

சபதம் போடுவதற்குக் காரணம் இருந்தது. ஒரு பழைய கணக்கு.

நீலச் சட்டை புராணம்

2012-ல் எனக்கு முதல் வேலை. சம்பளம் 8,500. பட்டணத்துக்குக் கிளம்பும்போது அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து 500 ரூபாய் கொடுத்தாள். "நல்லதா ரெண்டு சட்டை வாங்கிக்கடா."

நான் புத்திசாலி அல்லவா! பிளாட்பாரத்தில் 150 ரூபாய்க்கு ஒரு நீலச் சட்டை. 250 ரூபாய்க்கு ஒரு பேண்ட். மிச்சம் 100. அந்த நூறில் சினிமாவும் பார்த்து, இடைவேளையில் பாப்கார்னும் சாப்பிட்டேன். சிக்கனத்தில் எனக்கு நிகர் நானே என்று அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

நவம்பர் மாத மழை. பஸ் ஸ்டாப்பிலிருந்து ஆபீசுக்கு நூறு அடி ஓடினேன். உள்ளே போய் மேனேஜர் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தேன். நாற்காலிக்கு வெள்ளை டர்க்கி டவல் உறை. அதில் என் முதுகு அச்சு அசலாக, நீல நிறத்தில்!

மேனேஜர் டவலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "பரவாயில்லை, கையெழுத்து போட்டுட்டுப் போயிட்டீங்க" என்றார். ஆபீஸே சிரித்தது. நானும் கூடவே சிரித்தேன். வேறென்ன செய்வது? பாத்ரூமில் போய்ப் பார்த்தால் பனியன் நீலம், தோள் நீலம். கழுத்தைச் சுற்றிப் பரமசிவன் மாதிரி நீலம்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அம்மா கேட்டாள். "அந்தப் புதுச் சட்டையைப் போட்டுக்கிட்டு வரலையா?" "அது ஆபீஸ் சட்டைம்மா. பத்திரமா வச்சிருக்கேன்" என்று கூசாமல் புளுகினேன். சட்டை அப்போது மேஜை துடைத்துக்கொண்டிருந்தது.

இப்போது காஸ்ட் அக்கவுண்டிங். 150 ரூபாய் சட்டையை நான் போட்டது இரண்டே நாள். ஒரு நாளைக்கு 75 ரூபாய். அடுத்த வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு 1,200 ரூபாய்க்கு ஒரு சட்டை வாங்கினேன். வாரம் ஒரு தடவை, இரண்டு வருஷம் உழைத்தது. ஏறக்குறைய நூறு நாள். ஒரு நாளைக்கு 12 ரூபாய். எது மலிவு, சொல்லுங்கள்?

சட்டையின் விலை அட்டையில் இல்லை ஸார். விலையைப் போடுகிற நாட்களால் வகுத்தால் வருவதுதான் விலை. சரி, 1,200 ரூபாய் சட்டையாகவே வாங்கு என்றால், 4,000 ரூபாயில் மூன்று சட்டை வாங்கிவிட்டு வேட்டியோடு ஆபீஸ் போக வேண்டும். ஆகவே, குறைந்த விலையில் நிறைய நாள் உழைக்கிற சரக்கைத் தேடிப் பிடிக்க வேண்டும். அது ஒரு வேட்டை. வேட்டைக்குக் கண் வேண்டும், கை வேண்டும், ஒரு வெள்ளைக் கைக்குட்டையும் வேண்டும்.

ஐம்பதும் இருபதும் அறுபது!

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு மாம்பலம் ஸ்டேஷன். 2023 மே மாதம் திறந்த ஆகாய நடைபாதை வழியாக, தரையில் கால் படாமல் தி.நகர் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போய்விடலாம். தம்பி அதில் ஏறப் போனான். பிடித்து இழுத்தேன். மேலே காற்று வரும். கடை கீழேதான் இருக்கிறது!

ரங்கநாதன் தெருவுக்கு வேட்டைக்குப் போகிறவர்கள் காலையிலேயே போய்விட வேண்டும். சாயந்திரம் போனால் நீங்கள் நடக்க வேண்டியதில்லை. கூட்டமே உங்களைத் தூக்கிக்கொண்டு போய் ஏதாவது ஒரு கடையில் கொட்டிவிடும். அது உங்களுக்குத் தேவையான கடையாக இருக்காது. தவிர, காலையில் போனால் முதல் போணி. முதல் ஆளைத் திருப்பி அனுப்ப வியாபாரிக்கு மனசு வராது. ஆனால் ஒன்று: வாங்கும் எண்ணமில்லாமல் முதல் போணி நேரத்தில் சும்மா விலை கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். அது பாவம். அதற்குக் கிடைக்கும் வசவும் அதற்கேற்ற மாதிரிதான் இருக்கும்.

தெரு முழுக்க ஆடித் தள்ளுபடி. ஆடியில் கல்யாணம் கிடையாது, வியாபாரம் மந்தம். அடுத்தாற்போல் தீபாவளிச் சரக்கு வந்து இறங்கும். பழையதைக் காலி செய்ய வேண்டும். தள்ளுபடியின் சூத்திரம் இவ்வளவுதான். அதனால் ஆடியில் கிடைக்கும் சரக்கு மட்டமானது என்று அர்த்தமில்லை. கடைக்குப் பழசு, நமக்குப் புதுசு.

ஒரு போர்டு: '50% + 20% தள்ளுபடி.'

"அண்ணே, எழுபது பர்சென்ட்!" என்று துள்ளினான் தம்பி.

"நீ பி.காம். படிச்சவன்னு வெளியில சொல்லாதே" என்றேன். ஆயிரம் ரூபாயில் பாதி போனால் 500. அந்த 500-ல்தான் இருபது சதவிகிதம், அதாவது 100. மிச்சம் 400. மொத்தத் தள்ளுபடி 60. காணாமல் போன பத்து சதவிகிதம் எங்கே என்று கேட்கிறீர்களா? அது நம் சந்தோஷத்தில் இருக்கிறது.

'இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்' என்பதும் இப்படித்தான். மூன்றுக்கு இரண்டின் விலை. தள்ளுபடி மூன்றில் ஒரு பங்கு. அதுகூட நமக்கு மூன்று தேவைப்பட்டால்தான். ஒரு சட்டை வாங்க வந்தவன் இரண்டுக்குப் பணம் கொடுப்பதற்கு இலவசம் என்று பெயர்.

எம்.ஆர்.பி. என்பது அதிகபட்ச விலை; வரியும் அதற்குள் அடக்கம். அதை அச்சடிப்பவர் தயாரிப்பாளர். 1,999 என்று அச்சடித்து, அடித்துவிட்டு, 599 என்று எழுதினால் 1,400 லாபம் என்று குதிக்காதீர்கள். அந்தச் சட்டை என்றைக்காவது 1,999-க்கு விற்றதா என்பதுதான் கேள்வி. 2025 செப்டம்பர் 22-லிருந்து ஒரு உருப்படிக்கு 2,500 ரூபாய் வரை ஜி.எஸ்.டி. 5 சதவிகிதம், அதைத் தாண்டினால் 18 சதவிகிதம். எந்த வரியாக இருந்தாலும், எம்.ஆர்.பி.யைத் தாண்டி 'டாக்ஸ் தனி ஸார்' என்று சொன்னால், பில் போடுகிறவரின் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள்.

கைக்குட்டை வைத்தியம்

மூன்றாவது கடையில் சட்டைகள் குவிந்து கிடந்தன. 450 ரூபாய். தம்பி நேராகக் கண்ணாடி முன்னால் போய் நின்றான். நான் சட்டையைத் திருப்பி உள்பக்கத்தைப் பார்த்தேன். சட்டைக்கு முகம் வெளியே, ஜாதகம் உள்ளே.

என் சோதனைகள் இவை. வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சாயம். வெள்ளைக் கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, சட்டையின் உள்மடிப்பில் பத்துத் தடவை தேய்த்துப் பாருங்கள். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தால் பாஸ். நிறம் ஒட்டினால் அந்தச் சட்டை உங்கள் மேனேஜரின் நாற்காலிக்கு. 2012-ல் இந்தச் சோதனைக்கு ஒரு நிமிஷம் செலவழித்திருந்தால் எனக்கு எவ்வளவோ மானம் மிச்சம்.

இரண்டாவது, கஞ்சி. துணியை இரண்டு கையாலும் பிடித்துக் கசக்கித் தேய்த்தால் வெள்ளையாகப் பொடி உதிர்கிறதா? அப்படியானால் மொடமொடப்பு துணியுடையது இல்லை, கஞ்சியுடையது. முதல் சலவையில் சட்டை கொசுவலையாகிவிடும்.

மூன்றாவது, தையல். ஓர் அங்குலத்தில் எத்தனை தையல் என்று எண்ணுங்கள். பன்னிரண்டுக்குக் குறைந்தால் நான் வாங்குவதில்லை. விலாப்பக்கத் தையலை லேசாக இரண்டு பக்கமும் இழுத்தால் நடுவில் வெளிச்சம் தெரியக்கூடாது.

நான்காவது, காலர். இரண்டு முனைகளையும் சேர்த்து வைத்துப் பாருங்கள், ஒரே நீளமாக இருக்க வேண்டும். உள்ளே ஒட்டியிருக்கும் கேன்வாஸ் கொப்புளம் விடாமல் தட்டையாக இருக்க வேண்டும். துணி சுமாரானாலும் காலர் நின்றுவிட்டால் ஆள் நிற்பான்.

ஐந்தாவது, கட்டம் போட்ட சட்டையானால் பாக்கெட்டின் கட்டமும் சட்டையின் கட்டமும் சேர்கிறதா பாருங்கள். அங்கே துணியை மிச்சம் பிடிக்காதவன் வேறெங்கும் பிடித்திருக்க மாட்டான்.

கடைப் பையன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "ஸார் என்ன, சட்டைக்குப் பொண்ணு பார்க்க வந்திருக்கீங்களா?"

வெள்ளை ஒன்று, இளநீலம் ஒன்று தேறின. கட்டம் போட்டது ஒன்றில் மேலிருந்து மூன்றாவது பித்தானைக் காணோம். "பட்டன் இல்லையேப்பா" என்றேன். "350-க்கு எடுத்துக்கங்க ஸார்." கீழே உள்பக்கத்தில் உபரிப் பித்தான் ஒன்று பத்திரமாகத் தைத்திருந்ததை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். பித்தானை மாற்றித் தைக்க ஐந்து நிமிஷம்; லாபம் நூறு ரூபாய். இதைத்தான் வேட்டை என்பது.

டி-ஷர்ட் பக்கம் தம்பியின் கண் போனது. 'எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ், மூணு 499!' அந்த அனுபவமும் எனக்கு உண்டு. நான் வாங்கிய மூன்றும் இரண்டு சலவைக்குப் பிறகு என் ஏழு வயதுப் பையனுக்குக் கச்சிதமாகப் பொருந்தின. நிஜ சர்ப்ளஸ் உண்டு. திருப்பூரில் ஏற்றுமதி ஆர்டருக்குத் தைக்கும்போது, சேதாரத்துக்காகச் சில உருப்படிகள் அதிகமாகப் போடுவார்கள். மீந்ததும், ரத்தான ஆர்டரும் அங்கே காதர்பேட்டைக்கு வரும். அங்கிருந்து ஊரெல்லாம் போகும். ஆனால் யோசியுங்கள்: சர்ப்ளஸ் என்றால் மிச்சம். மிச்சத்தில் எல்லா சைஸும் எல்லாக் கலரும் வரிசையாக இருக்குமா? இருந்தால் அது மிச்சமல்ல, அதற்கென்றே தைத்தது!

கழுத்தில் கட்டிய பேண்ட்

பேண்ட் கடையில் டிரையல் ரூம் வாசலில் ரேஷன் கடை மாதிரி க்யூ. தம்பியைக் கூப்பிட்டு, பேண்ட்டின் பட்டனைப் போட்டு, இடுப்புப் பட்டியை அவன் கழுத்தைச் சுற்றிப் பிடித்தேன். இரண்டு முனையும் பிடரியில் வந்து தொட்டுக்கொண்டால் இடுப்புக்குச் சரியாக இருக்கும். சாதாரண உடம்புக்கு இடுப்பு, கழுத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. (எனக்கு இந்தக் கணக்கு கல்யாணத்தோடு காலாவதியாகிவிட்டது.)

பேண்ட்டைத் திருப்பிப் பின்பக்கத் தையலைப் பாருங்கள். உள்ளே ஓர் அங்குலமாவது துணி மடித்து விட்டிருக்கிறதா? அது எதிர்காலத்துக்கான சேமிப்பு. தொப்பை வரும்போது பிரித்துக்கொள்ளலாம்.

கறுப்பு 700, சாம்பல் 600. இரண்டும் நீளம் அதிகம். "பெரிசா இருக்கேண்ணே." "பெரிசைச் சின்னதாக்கலாம்டா. சின்னதைப் பெரிசாக்க முடியுமா?" தெருமுனையில் தையல் மெஷினோடு உட்கார்ந்திருந்த பாயிடம் கொடுத்தோம். நீளம் வெட்டி மடித்துத் தைக்க ஒன்றுக்கு 50. "ஒரு இன்ச் உள்ளேயே மடிச்சு விட்டுடறேன் தம்பி. துணி சுருங்கினா இறக்கிக்கலாம்" என்றார். இவர் காஸ்ட் அக்கவுண்டிங் படிக்காமலே பாஸ் செய்தவர்.

மூன்று சட்டை, இரண்டு பேண்ட். மூன்றிரண்டு ஆறு ஜோடி. ஆபீஸ் ஐந்து நாள். ஒரு ஜோடி உபரி! இதனால்தான் பேண்ட் எப்போதும் கறுப்பு, சாம்பல் என்று எதோடும் சேரும் நிறத்தில் இருக்க வேண்டும். மயில் கழுத்துக் கலரில் பேண்ட் வாங்கினால் அதற்கென்று தனியாக ஒரு சட்டை, அந்தச் சட்டைக்கென்று தனியாக ஒரு தைரியம் வேண்டும்.

பில்லைக் கசக்கிப் போடப் போனான் தம்பி. பிடுங்கிப் பர்ஸில் வைத்தேன். விற்ற சரக்கில் குறை இருந்தால் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாள். மறுத்தால் அது முறையற்ற வியாபாரம் என்கிறது 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். சட்டம் நம் பக்கம்தான். ஆனால் பில் நம்மிடம் இருக்க வேண்டும்.

வெளியே ஒரு நடைபாதையில் அமெரிக்கா பெயர் போட்ட ஷூ, 3,499-ஐ அடித்து 1,299. தம்பி அப்படியே நின்றுவிட்டான். "ஃபர்ஸ்ட் காப்பிண்ணே. அசல் மாதிரியே இருக்கு."

"அசல் மாதிரி இருக்கிறதுக்கு 1,299. உழைக்கிறதுக்கு எவ்வளவு?"

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கூட வந்தான். ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த புளிசாதத்தைச் சாப்பிட்ட பிறகுதான் முகம் இறங்கியது.

பெரியமேட்டில் ஒரு தோடு

ஷூவும் பெல்ட்டும் வாங்க நான் போவது பெரியமேடு. சென்ட்ரலுக்குப் பக்கத்தில் இருக்கும் தோல் சரக்குப் பேட்டை. பார்க் ஸ்டேஷனில் இறங்கி நடந்தோம். வழியில் 'மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ்' என்ற பெயரைக் காட்டி, "இங்கேதான்டா அப்பா பட்டணம் வந்தா பேண்ட் வாங்குவாராம். அஞ்சு ரூபா சொன்னா ரெண்டு ரூபாய்ல ஆரம்பிப்பாராம்" என்றேன். அந்த மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்து போயிற்று. இப்போது அந்த இடத்தில் புறநகர் ரயில்கள் நிற்கின்றன. பெயர் மட்டும் மிச்சம். அப்பாவும் இப்போது இல்லை. பேரம் மட்டும் எனக்கு வந்திருக்கிறது.

ஷூ வாங்க சாயங்காலம்தான் சரி. நாள் முழுக்க நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். காலையில் சரியாக இருக்கும் ஷூ சாயங்காலம் கடிக்கும். சாயங்காலம் சரியாக இருப்பது எப்போதும் கடிக்காது.

பெல்ட்டுக்கு ஒரே சோதனை. 'ஜெனுவின் லெதர்' என்ற முத்திரையைப் பார்க்காதீர்கள். முத்திரை குத்த ஒரு மெஷின் போதும். துளையையும் ஓரத்தையும் பாருங்கள். ரெக்ஸின், அட்டை, ரெக்ஸின் என்று சாண்ட்விச் மாதிரி அடுக்குத் தெரிந்தால் நாலு மாதத்தில் உரியும். ஒரே துண்டாக, நார் நாராக இருந்தால் தோல். 250 ரூபாயில் ஒரே துண்டுப் பெல்ட் ஒன்று அகப்பட்டது.

ஷூவில்தான் சிக்கல். 900-க்கு ஒன்று, தோல்தான், அடிப்பாகம் ஒட்டியது. 1,400-க்கு இன்னொன்று, சுற்றிலும் தையல் போட்டது. தினமும் போட்டுத் தேய்கிற சரக்கு ஷூ. என் வகுத்தல் கணக்குப்படி 1,400-தான் லாபம்.

"இதையே எடுத்துக்க. மிச்சம் 500 நான் போடறேன்" என்று பர்ஸைத் திறந்தேன்.

"வேணாம்ணே."

"அட, எடுத்துக்கடா. அண்ணன்தானே!"

"வேணாம்ணே. நாலாயிரத்துக்குள்ள முடிக்கணும்." ஷூவைக் கழற்றினான். குனிந்தபடியே சொன்னான். "அம்மா தோட்டை அடகு வச்சுக் குடுத்திருக்கா. உன்கிட்ட சொல்லாதேன்னா. நீ எதுனா போட்டா, எனக்கு அது போதலைன்னு ஆயிடும்."

கடைக்காரர் வேறு பக்கம் திரும்பி ஏதோ ஒரு பெட்டியை அடுக்க ஆரம்பித்தார்.

எனக்கு ஒன்றும் பேச வரவில்லை. காலையிலிருந்து தள்ளுபடி, சதவிகிதம், வகுத்தல் என்று அவனுக்கு வாத்தியார் வேலை பார்த்தவன் நான். பணம் எங்கிருந்து வந்தது என்று கணக்கில் முதல் வரி எழுத வேண்டும் என்பது அக்கவுண்டன்சியின் முதல் பாடம். அதை நான் கேட்கவேயில்லை.

தையல் போடாத ஷூவையே வாங்கினோம். இரண்டு கையாலும் வளைத்துப் பார்த்தேன், ஒட்டு விடவில்லை. கடைக்காரர் தானாகவே ஒரு டப்பி பாலிஷ் எடுத்துப் பைக்குள் போட்டார். "வாரம் ரெண்டு தடவை போடுங்க தம்பி. ராத்திரி கழட்டினதும் உள்ளே பேப்பர் அடைச்சு வைங்க. ரெண்டு வருஷம் வரும்" என்றார். அதற்குக் காசு வாங்கவில்லை.

மிச்சம் பத்து ரூபாய்

மறுபடி மாம்பலம். பாயிடமிருந்து பேண்ட்களை வாங்கிக்கொண்டோம். ஸ்டேஷன் வாசலில் தார்ப்பாயை விரித்து ஒரு அம்மாள் கைக்குட்டையும் சாக்ஸும் விற்றுக்கொண்டிருந்தார். சாக்ஸ் மூன்று ஜோடி நூறு. கைக்குட்டை மூன்று 60.

பழக்க தோஷம். "அம்பதுக்குக் குடும்மா" என்றேன்.

"கட்டாது சாமி. ஒண்ணுக்கு ரெண்டு ரூவா நின்னாப் பெரிசு."

நான் அடுத்த வசனத்தை ஆரம்பிப்பதற்குள் தம்பி அறுபதை எடுத்து நீட்டிவிட்டான். பிளாட்பாரத்தில் ஏறும்போது, "ஏன்டா, இன்னும் ரெண்டு வார்த்தை பேசியிருந்தா குடுத்திருப்பாங்களே" என்றேன்.

"குடுத்திருப்பாங்க. அதனாலதான்" என்றான்.

பெஞ்சில் உட்கார்ந்து கணக்கு எழுதினேன். சட்டை மூன்று 1,250. பேண்ட் இரண்டு 1,300. தையல் கூலி 100. ஷூ 900. பெல்ட் 250. சாக்ஸ் 100. கைக்குட்டை 60. ஆக மொத்தம் 3,960. மிச்சம் 40. இரண்டு டீ குடித்தோம், 30. கையில் பத்து ரூபாய். சபதத்தில் ஜெயித்துவிட்டேன். ஆனால் சகதர்மிணியிடம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை காலை. வெள்ளைச் சட்டை, கறுப்பு பேண்ட், பளபளவென்று ஷூ. பக்கத்துப் போர்ஷன் மாமி, "யாருங்க, எல்.ஐ.சி. ஆபீசரா?" என்று கேட்டாரே பார்க்கலாம்! வாசல் வரைக்கும் போனவனை நிறுத்திக் காலரைச் சரிசெய்து விட்டேன். சரியாகத்தான் இருந்தது.

ஒரு மாதம் கழித்து முதல் சம்பளம். முதல் வேலையாக அம்மாவுக்கு அனுப்பினான். தோடு காதுக்குத் திரும்பியது. வட்டி 80 ரூபாய். என் நோட்டில் அந்தப் பக்கத்தைத் திருப்பி, 'வட்டி 80' என்று சேர்த்து எழுதினேன். அடக்க விலை 4,040 என்று ஆனது. கணக்கு சரியாகிவிட்டது.

இல்லை, ஒரு கணக்கு பாக்கி. அன்று ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, 2012-ல நான் வேலைக்குக் கிளம்பினப்போ 500 ரூபா குடுத்தியே... அது ஏது?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"எந்தக் காலத்துக் கதையைடா இப்போ கேக்கறே? அதை விடு" என்றாள் அம்மா. "அவன் சட்டையாவது சாயம் போகாம இருக்கா?"

தூக்கிவாரிப் போட்டது. அப்புறம்தான் ஞாபகம் வந்தது. அந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, பையிலிருந்து அழுக்குத் துணியை எடுத்துத் துவைக்கப் போட்டேன். அந்த நீலப் பனியனும் அதில்தான் இருந்தது.